திறப்பு விழா தேதி சொல்லிட்டீங்க, பாத்துக்கப் போற ஆள் யாருன்னு சொல்லலையே

பகுதி தகவல் தளம் கமிட்டியில இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம பகுதிக்குன்னு ஒரு தகவல் தளம் வரப்போகுதுன்னு நீங்க போட்ட அறிவிப்ப பாத்தேன். சந்தோஷம் தான், பொய் சொல்லல. பஸ் நேரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரத்தம் கொடுக்குறவங்க லிஸ்ட், வேலை வாய்ப்பு, நிகழ்ச்சி காலண்டர், புகார் பெட்டி, போட்டோ கேலரின்னு பதினாலு மெனு போட்டிருக்கீங்க, லோகோ கூட நல்லா வந்திருக்கு. திறப்பு விழா என்னிக்கு, பட்டன அமுக்கப் போறது யாருன்னு எல்லாம் இருக்கு. ஒண்ணு மட்டும் மேலயும் கீழயும் தேடிட்டேன், காணோம். திறந்து எட்டு மாசம் கழிச்சு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் நேரம் மாறுதுன்னு வைங்க, அன்னிக்கு உள்ள போய் அத மாத்தப் போற ஆள் யாரு?

குத்தம் சொல்றதுக்காக கேக்கல. இதே மாதிரி ஒண்ண நாங்க நாலஞ்சு பேர் சேந்து ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஓட்டினோம், அதுல மூணு வருஷம் நல்லா ஓடுச்சு, மீதி மூணு வருஷம் அது செத்துப்போனது எங்களுக்கே தெரியாம ஓடிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டாவது மூணு வருஷத்த பத்தி தான் இந்த மடல்.

ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். தெரியாத நம்பர்லேந்து போன். ஆபரேஷனுக்கு அவசரமா ரத்தம் வேணும், உங்க தளத்துல லிஸ்ட் இருக்கு, ஆனா போட்டா யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க, நீங்க கொஞ்சம் பாக்க முடியுமான்னு ஒரு பொண்ணு கேக்குது. சரிம்மா வைங்க, நானே கூப்பிடுறேன்னு லிஸ்ட தொறந்தேன். அந்த குரூப்ல பதினோரு பேர் இருந்தாங்க. வரிசையா போட்டேன். ஆறு நம்பர் உபயோகத்துல இல்ல. ரெண்டு பேர் வேற ஊருக்கே போயிட்டாங்க. ஒருத்தர், சார் நான் போன மாசம் தான் கொடுத்தேன், இப்ப கொடுக்கக் கூடாதேங்குறார். ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசி நம்பர ஒரு அம்மா எடுத்தாங்க, நான் பேர சொல்லி அவர் இருக்காரான்னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், அவன் போயி ஏழு மாசம் ஆச்சுப்பான்னாங்க. நான் என்ன பேசினேன்னு இப்ப ஞாபகம் இல்ல, மன்னிச்சுக்கோங்கம்மான்னு சொல்லி வச்சிருப்பேன். அந்த பொண்ணுக்கு வேற யாரோ மூலமா ரத்தம் கிடைச்சுது, அது நல்லபடியா முடிஞ்சுது. ஆனா எங்க தளத்துல அந்த பக்கத்துக்கு மேல பெருசா பச்சை கலர்ல எப்போதும் தயார்னு எழுதியிருந்தோம். அத நான் தான் டிசைன் பண்ணேன்.

அதுல என்ன தப்புன்னு பின்னாடி உக்காந்து யோசிச்சப்ப ரெண்டே ரெண்டு விஷயம் தான் தெரிஞ்சுது. அந்த நம்பர் எல்லாம் உண்மை தான், மூணு வருஷத்துக்கு முன்னாடி. கடைசியா எப்ப சரிபாத்தோம்னு பக்கத்துல ஒரு தேதி போட்டிருந்தா, அந்த பொண்ணு பாத்த உடனே, சரி இது பழசு, வேற எங்கயாவது கேப்போம்னு போயிருக்கும், அரை மணி நேரம் மிச்சம். இன்னொண்ணு, அந்த லிஸ்டுக்குன்னு ஒரு ஆள் இல்ல. எல்லாரும் சேந்து பாத்துக்கலாம்னு விட்டோம், எல்லாரும் பாத்துக்குற வேலைய யாரும் பாக்குறதில்லைன்னு வீட்டுல பாத்திரம் கழுவுறவங்களுக்கே தெரியும், எங்களுக்கு தெரியல. தகவலே இல்லாத தளத்தால யாருக்கும் நஷ்டம் இல்லீங்க, பழைய தகவல் இருக்குற தளம் தான் ஆபத்து, ஏன்னா ஜனங்க அத நம்புவாங்க.

இதெல்லாம் இன்டர்நெட் வந்தப்புறம் வந்த பிரச்சனைன்னு நினைச்சுக்காதீங்க. 1973 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல பெர்க்லிங்கிற ஊர்ல, ஒரு இசைத்தட்டு கடையில மாடிப்படி ஏறினதும், பாட்டுக்காரங்க நோட்டீஸ் ஒட்டுற பலகைக்கு பக்கத்துலயே ஒரு டெலிடைப் மிஷின வச்சாங்க, டைப்ரைட்டர் மாதிரி இருக்கும், டைப் பண்ணத போன் லைன்ல அனுப்பும், வர்ற பதில பேப்பர்ல அடிக்கும். கம்யூனிட்டி மெமரின்னு பேரு. லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின் இன்னும் சில பேர் சேந்து பண்ணது. மிஷின் போடுற கட கட சத்தம் தாங்காதுன்னு அத ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு, கைய உள்ள விட்டு டைப் பண்ண ஓட்டை போட்டிருந்தாங்க. போன் லைன் வழியா சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரோட பேசும், செகண்டுக்கு பத்து எழுத்து தான் வேகம். வீடு தேடுறவங்க, கார் ஏதாவது கிடைக்குமான்னு பாக்குறவங்க வருவாங்கன்னு எதிர்பாத்தாங்க போல, ஆனா வந்தது பேண்டுக்கு ஆள் தேடுற பாட்டுக்காரங்க, செஸ் ஆட துணை கேக்குறவங்க, கவிதை எழுதி போட்டுட்டு போறவங்க. எதுக்கு வச்சோமோ அதுக்கு மட்டும் ஜனங்க வர மாட்டாங்க, இத மனசுல வச்சுக்கிட்டு தான் பதினாலு மெனுவ பாக்கணும்.

எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச விஷயம் மிஷின் இல்ல. மிஷினுக்கு பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சிருந்தாங்க. மாடி ஏறி வர்றவங்கள கூப்பிட்டு, வாங்க, இதுல இப்படி தேடலாம், இப்படி எழுதலாம்னு சொல்லித் தர. கம்ப்யூட்டரையே பாத்திராத ஜனங்க தயங்காம வந்து கை வச்சதுக்கு காரணம் அந்த ஆள் தான்னு நான் நினைக்குறேன். உங்க திட்டத்துல சர்வர் இருக்கு, ஆப் இருக்கு, அந்த நாற்காலி எங்க?

அப்புறம் அமெரிக்காவுலயே க்ளீவ்லேண்டுங்கிற ஊரோட கதை. டாம் கிரண்ட்னர்னு ஒருத்தர் 1984ல அங்க இருக்குற பல்கலைக்கழகத்துல சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சார், போன்ல டயல் பண்ணி கம்ப்யூட்டர்ல உள்ள போய் வைத்தியக் கேள்வி கேட்டா ஒரு நாளைக்குள்ள டாக்டர் பதில் போடுவார். கவனிச்சீங்களா, ஒரு நாளைக்குள்ள பதில். ஜனங்கள இழுத்தது அந்த வாக்கு தான், கம்ப்யூட்டர் இல்ல. அது வளந்து 1986ல க்ளீவ்லேண்ட் ஃப்ரீநெட்னு ஊர்க்காரங்க இலவசமா உள்ள போற கம்ப்யூட்டர் தளம் ஆச்சு, ஊர் விஷயம் எல்லாம் உள்ள வந்துச்சு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொண்டர் பொறுப்பு, அத பாத்து வேற வேற ஊர்கள்லயும் ஃப்ரீநெட் முளைச்சுது. ஆனா 1999 செப்டம்பர் 30ஆம் தேதி, 2000ஆம் வருஷ கம்ப்யூட்டர் கோளாற காரணம் காட்டி அந்த பல்கலைக்கழகம் அத மூடிடுச்சு. க்ளீவ்லேண்ட பாத்து கனடாவுல ஆட்டவாவுல 1993ல ஆரம்பிச்ச நேஷனல் கேப்பிட்டல் ஃப்ரீநெட் அதுக்கப்புறமும் உசுரோட இருந்துச்சு, ஏன்னா அது உறுப்பினர்களோட லாப நோக்கம் இல்லாத அமைப்பா இருந்து, இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்து தன் செலவ தானே பாத்துக்குச்சு. யாரோ ஒருத்தரோட திண்ணையில உக்காந்திருந்தா, அவங்க கதவ சாத்தினா எந்திரிச்சு தான் ஆகணும்.

திண்ணைன்னு சொன்னதும் டொமைன், அதாவது தளத்தோட இணைய முகவரி, ஞாபகம் வருது, இத கொஞ்சம் நிதானமா படிங்க. எங்க தளத்தோட டொமைன எங்க கூட்டாளி ஒருத்தர் அவரோட சொந்த மெயில் ஐடியில பதிவு பண்ணார், அன்னிக்கு அவர்கிட்ட தான் கார்டு இருந்துச்சு, அவ்வளவு தான் காரணம். அவர் வேலை மாறினார், மெயிலும் மாறுச்சு. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதாசி எல்லாம் யாரும் தொறக்காத பெட்டியில போய் விழுந்துச்சு. டாட் காம் டொமைன் காலாவதி ஆனா உடனே போயிடாது, வித்த கம்பெனி கொஞ்ச நாள் பொறுக்கும், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம்னு ஒண்ணு உண்டு, கூடுதலா கட்டி திருப்பிக்கலாம், அதையும் விட்டா 5 நாள்ல சந்தைக்கு வந்துடும், யார் வேணா எடுத்துக்கலாம். இத்தன படி இருந்தும் நாங்க எல்லாத்தையும் கோட்டை விட்டோம். ஒரு நாள் காலையில தொறந்தா எங்க பேர்லயே சூதாட்ட விளம்பரம் ஓடுது. ஆறு வருஷமா நோட்டீஸ்லயும் சுவத்துலயும் அந்த முகவரிய அச்சடிச்சு ஒட்டினது நாங்க தானே, அதனால எத்தன பேர் அங்க போய் விழுந்தாங்களோ தெரியாது. தயவு பண்ணி டொமைன், ஹோஸ்டிங் (தளத்த வைக்குற வாடகை இடம்), மெயில் எல்லாத்தையும் கமிட்டி பேர்ல, பொது மெயில்ல, குறைஞ்சது மூணு பேர் கையில சாவி இருக்குற மாதிரி வைங்க. தனி ஆள் பேர்ல வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும். எங்க கூட்டாளி ரொம்ப நல்லவர்.

இப்ப இன்னொரு கேள்வி வரும்னு தெரியும், இவ்வளவு தலைவலி எதுக்கு, வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டா முடிஞ்சுதேன்னு. போடுங்க, வேண்டாம்னு சொல்லல. சட்டுன்னு ஒரு விஷயத்த பரப்ப அத மிஞ்ச ஆள் இல்ல. ஆனா அது ஓடுற தண்ணி, தேக்கி வைக்க முடியாது. இன்னிக்கு காலையில கரண்ட் எப்ப வரும்னு ஒருத்தர் கேப்பார், பதில் வரும், அதுக்கு மேல முப்பது வாழ்த்து படம் விழும், சாயங்காலம் இன்னொருத்தர் அதே கேள்விய கேப்பார். ஒரு குரூப்ல 1024 பேருக்கு மேல சேர முடியாதுன்னு ஒரு எல்லை வேற இருக்கு, பகுதி பெருசா இருந்தா ரெண்டு குரூப், மூணு குரூப், ஒண்ணுல ஒரு நேரம் இன்னொண்ணுல வேற நேரம், எது சரின்னு யாருக்கும் தெரியாது. அதனால தளத்துல ஒரு நிரந்தர பக்கம், குரூப்ல அந்த பக்கத்தோட லிங்க் மட்டும். தகவல் மாறினா பக்கத்த மாத்துங்க, லிங்க் அதே தான். வதந்தி வந்தாலும் அதே வழி தான், சத்தம் போடாம டெலீட் பண்ணிட்டு போகாதீங்க, ஏன்னா அதுக்குள்ள அத பாத்துட்டு போனவங்க போயிட்டாங்க, இது தப்பு, இன்ன தேதி இன்ன மணிக்கு இன்னார்கிட்ட கேட்டு திருத்தினோம்னு அங்கயே எழுதி வைங்க. முதல்ல கொஞ்சம் வெக்கமா இருக்கும், நாளடைவுல ஜனங்க உங்க பேச்ச நம்புறதுக்கு அது தான் காரணமா இருக்கும்.

வேற ஒரு கம்பெனியோட இலவச இடத்துல எல்லாத்தையும் கொண்டு போய் கொட்டவும் வேண்டாம். ஜனங்க இலவசமா சொந்த இணையப் பக்கம் கட்டிக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009ல மூடினப்ப ஜனங்க கட்டி வச்ச பக்கங்கள் கூட்டத்தோட போச்சு, ஏதோ சில பேர் ஓடிப்போய் நகல் எடுத்ததால கொஞ்சம் மிஞ்சுச்சு. மெயில் வழியா கூட்டமா பேசிக்குற யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர்ல மொத்தமா நின்னுச்சு, எத்தனையோ சங்கங்களோட பல வருஷ பேச்சு அதுல தான் இருந்துச்சு. நீங்க எதுல வேணா நடத்துங்க, மாசம் ஒரு தடவ எல்லாத்தையும் இறக்கி வேற இடத்துல ஒரு நகல் வைங்க, அந்த நகல தொறந்து பாத்து படிக்க முடியுதான்னும் பாருங்க. நாங்க நகல் எடுத்தோம், தொறந்து பாக்கல.

அறிவிப்புகள படமா போடுற பழக்கத்த முதல் நாளே ஒழிச்சிடுங்க. கையெழுத்து போட்டு சீல் வச்ச பேப்பர போன்ல போட்டோ எடுத்து, சாஞ்சு, நிழல் விழுந்து, அப்படியே ஏத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்குறோம். கண்ணு தெரியாதவங்களுக்கு படிச்சுக் காட்டுற மென்பொருளுக்கு அது வெறும் படம், உள்ள என்ன எழுதியிருக்குன்னு பெரும்பாலும் சொல்லாது. தேடினாலும் சிக்காது. எங்க தளத்துக்கு தினமும் வந்துட்டு இருந்த பார்வையில்லாத நண்பர் ஒருத்தர் ஒரு தடவ சொன்னார், உங்க தளத்துல எனக்கு அடிக்கடி கேக்குற வார்த்தை படம், படம், படம் தான்னு. சிரிச்சுக்கிட்டே தான் சொன்னார். நாலு வரி யூனிகோட்ல, அதாவது எந்த போன்லயும் படிக்க முடியுற தமிழ் எழுத்துல, டைப் பண்ண மூணு நிமிஷம் ஆகுமா? படத்த வேணும்னா கீழ இணைச்சுக்கோங்க.

அப்புறம் ஜனங்களே வந்து எழுதுவாங்க, நாம மேய்ச்சா போதும்னு உங்க அறிவிப்புல ஒரு வரி இருக்கு. எழுத மாட்டாங்க. ஜேக்கப் நீல்சன்னு இணைய வடிவமைப்ப பத்தி எழுதுறவர் 2006ல ஒரு தோராயக் கணக்கு சொன்னார், 100 பேர் வந்தா 90 பேர் படிச்சுட்டு போவாங்க, 9 பேர் எப்பவாவது ஏதாவது எழுதுவாங்க, 1 ஆள் தான் பெரும்பாலான வேலைய செய்வார். எங்க அனுபவத்துல அந்த ஒரு ஆளே சில மாசம் ஒண்ணே முக்கால் ஆளோட வேலைய இழுக்க வேண்டியிருக்கும், அப்புறம் குடும்பம், வேலைன்னு காணாம போயிடுவார். அந்த தொண்ணூறு பேர சோம்பேறின்னு திட்டாதீங்க, அவங்களுக்காகத்தான் தளமே. அந்த ஒருத்தர் களைச்சுப் போறதுக்கு முன்னாடி ரெண்டாவது ஆள தயார் பண்றது தான் கமிட்டியோட வேலை. அவருக்கு லீவு குடுங்க. நிஜமாத்தான் சொல்றேன், இந்த மாசம் நீங்க எதையும் தொட வேண்டாம்னு வெளிப்படையா சொல்லி லீவு குடுங்க, அவர் இல்லாம எது எது நிக்குதுன்னு அப்ப தெரிஞ்சுடும்.

வேலைய குறைக்கவும் வழி இருக்கு. நிகழ்ச்சி காலண்டர்னு ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, அதுல ஒவ்வொரு சங்கத்துக்கும் போன் போட்டு கேட்டு ஒரு ஆள் டைப் பண்றதுன்னா மூணாவது மாசம் நின்னுடும், எங்களுக்கு ரெண்டாவது மாசமே நின்னுச்சு. நூலகம், விளையாட்டு கிளப், பள்ளிக்கூடம் எல்லாம் எப்படியும் தங்களுக்குன்னு ஒரு காலண்டர் வச்சிருப்பாங்க, போன்லயோ கம்ப்யூட்டர்லயோ. ஐகேலண்டர்னு ஒரு பொது வடிவம் 1998லேந்தே இருக்கு, பெரும்பாலான காலண்டர் ஆப் அத புரிஞ்சுக்கும். அவங்கவங்க காலண்டர அவங்கவங்களே எழுதட்டும், அதோட ஃபீட் முகவரிய, அதாவது அந்த காலண்டர தானா படிச்சுக்க உதவுற லிங்க மட்டும் வாங்கி உங்க தளம் தானா ஒண்ணு சேத்துக்கட்டும். கூட்டம் தள்ளிப்போச்சுன்னா அவங்க தங்களுக்காக மாத்துவாங்க, உங்களுக்கும் தானா மாறிடும். முதல்ல நாலு இடத்துக்கு நேர்ல போய் உக்காந்து செட் பண்ணி தரணும், அதுக்கு பொறுமை வேணும், அவ்வளவு தான்.

போன் நம்பர் போடுற விஷயத்துல ஜாக்கிரதை. கேட்டு போடுங்க, எழுத்துல கேளுங்க, வேண்டாம்னு அவர் சொன்ன அன்னிக்கே எடுத்துடுங்க. ரத்தம் கொடுக்குறவங்க நம்பர பொதுவுல தொங்க விடாம, ஒரே ஒரு உதவி நம்பர் போட்டு, கேக்குறவங்க அதுக்கு கூப்பிட்டா அங்கேந்து ஆள் பாத்து இணைச்சு விடுற மாதிரி வைங்க. பெண்கள் நிறைய பேர் லிஸ்ட்ல பேர் கொடுத்துட்டு ஒரே வாரத்துல எடுக்கச் சொன்னாங்க எங்ககிட்ட, ஏன்னு கேட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாய்னு மெசேஜ் வருதுன்னாங்க. எங்களுக்கு அது தோணவே இல்ல, அஞ்சு பேரும் ஆம்பளைங்க.

புகார் பெட்டிய பத்தி கடைசியா. டொரண்டோ பக்கத்துல ஒரு புது குடியிருப்புல 1990கள் கடைசியில வீடுகளுக்கு வேகமான நெட்டும், தெருக்காரங்க பேசிக்க ஒரு மெயில் பட்டியலும் கொடுத்தாங்க, கீத் ஹாம்ப்டன், பாரி வெல்மன்னு ரெண்டு சமூகவியல்காரங்க அத ஆராய்ச்சி பண்ணாங்க, ஊருக்கு அவங்க வச்ச பேரு நெட்வில். கனெக்‌ஷன் இருந்த வீட்டுக்காரங்களுக்கு மத்தவங்கள விட பேர் சொல்லி கூப்பிடுற அளவுக்கு தெரிஞ்ச அக்கம் பக்கத்தவங்க நிறைய, தூரத்து தெரு வரைக்கும். வேடிக்கை என்னன்னா, அதே மெயில் பட்டியல வச்சே ஜனங்க ஒண்ணு கூடி, வீடு கட்டின கம்பெனி சரியா முடிக்காத வேலைக்கெல்லாம் சண்டை போட்டாங்க. உங்க தளம் நல்லா நடந்தா உங்களுக்கும் இது நடக்கும். அன்னிக்கு புகார் பெட்டிய மூடிடாதீங்க, புகாருக்கு பதில் போட்ட தேதிய பக்கத்துல காட்டுங்க. பதில் போட ஆள் இல்லைன்னா இப்பவே அந்த மெனுவ எடுத்துடுறது நேர்மை.

ஸ்மார்ட்போன் இல்லாதவங்கள பத்தி நீங்க ஒரு வரியும் எழுதல. வாரம் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து ஜனங்க நிக்குற நாலு இடத்துல ஒட்டுங்க, தேதி போட்டு, போன வாரத்து பேப்பர கிழிச்சிட்டு.

அதனால நான் கேக்குறது ரொம்ப சின்னது. திறப்பு விழாவ ரெண்டு மாசம் தள்ளி வைங்க. பதினாலு மெனுவுக்கும் நேரா ஒரு ஆள் பேரும், அவர் இல்லாதப்ப பாக்குற ரெண்டாவது ஆள் பேரும் எழுதுங்க. பேர் எழுத முடியாத மெனுவ அடிச்சிடுங்க, மூணு தான் மிஞ்சுதுன்னா மூணோட திறங்க, பரவால்ல. ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசியா சரிபாத்த தேதி கண்ணுல படுற மாதிரி இருக்கணும், தொண்ணூறு நாள் யாரும் தொடலைன்னா அந்த பக்கம் தானா மறைஞ்சு, பொறுப்பாளருக்கு மெயில் போகணும். இத செய்யுறது ஒரு புரோகிராமருக்கு அரை நாள் வேலை. வருஷத்துல ஒரு நாள் எல்லாரும் உக்காந்து லிஸ்ட்ல இருக்குற எல்லா நம்பருக்கும் போன் போடுங்க, நானும் வர்றேன்.

எங்க பழைய லிஸ்ட் ஒரு நோட்டுல கையால எழுதி இன்னும் என்கிட்ட இருக்கு, கேட்டு அனுப்பினீங்கன்னா தர்றேன். ஆனா அப்படியே ஏத்திடாதீங்க. ஒவ்வொரு நம்பருக்கும் கூப்பிட்டு பாத்துட்டு, எடுக்குறவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு போடுங்க. ஒரு நம்பர மட்டும் நான் சிவப்பு மையில அடிச்சு வச்சிருக்கேன், அதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாடி ஒரு தளத்த நடத்தினவங்கள்ல ஒருத்தன்